எண்டர் கீயில் புற்றுமண்

கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை நிறுவப் போய்த் தோற்ற எவனும் ரொம்ப நாள் நாத்திகனாக நீடிக்க முடியாது. நான் நீடிக்கவில்லை. நீடிக்காதது மட்டுமல்ல, பக்தியில் கொஞ்சம் அளவும் மீறிவிட்டேன்.

வெளிநாட்டு மொழி ஆய்வுக் குழு ஒன்று, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு ஆள் தேடியது. போலிஷ், செக், குரோஷியன் போன்ற ஸ்லாவிய மொழி வாக்கியங்களைத் தொடர் தொடராகப் பிரிக்கும் கருவி ஒன்றை நம் லேப்டாப்பில் நிறுவி, வீடியோ அழைப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். 'என் தம்பி' ஒரு துண்டு, 'பெரிய வீட்டுக்கு' ஒரு துண்டு, 'போனான்' ஒரு துண்டு என்று வார்த்தைகளைச் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டு, பெயர்த்தொடர், வினைத்தொடர் என்று சீட்டு ஒட்டும் கருவி அது. எனக்கு அந்த மொழிகளில் ஒரு வார்த்தை தெரியாது. (விண்ணப்பத்தில் 'ஸ்லாவிய மொழிகள் மீது தீராத ஆர்வம்' என்று எழுதியிருந்தேன். ஆர்வம் அன்று காலையில்தான் பிறந்திருந்தது.)

வேலை கிடைத்தால் சங்கரன்கோவிலிலேயே கால்மேல் கால் போட்டு இருக்கலாம். கிடைக்காவிட்டால் வாசுதேவநல்லூரில் மாமனாரின் உரக்கடையில் வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார வேண்டும். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார் மனிதர்.

நிறுவினேன். பைதான் பதிப்பு சரியில்லை என்று சிவப்பில் திட்டியது. மாற்றினேன். மொழிக்கோப்பைக் காணோம் என்றது. அதை இறக்கப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்த மாமியார் வீட்டுக்குள் நுழைந்தார். என் மனைவி கோமதி அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கோயிலில் பிரசாதமாக வாங்கிய புற்றுமண் பொட்டலத்தைப் பிரித்தார்.

"கொஞ்சம் பூசிப் பாருங்க மாப்ளே. சொறி சிரங்கே போவுது, இது போவாதா?"

மாமியார் பேச்சைத் தட்ட முடியுமா? இன்ஜினியர் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு, லேப்டாப்பின் முதுகில் ஒரு சிட்டிகை தடவினேன். கட்டளையை மறுபடி கொடுத்தேன். ஓடியது! (மொழிக்கோப்பு அப்போதுதான் இறங்கி முடிந்திருந்தது. அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.)

எனக்குத் தலைகால் புரியவில்லை. குரோஷியச் செய்தித்தாளிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டேன். வார்த்தைகள் தாமாகவே கூடிக் கூடி நின்றன. அர்த்தம் ஒன்றும் தெரியாமலேயே எது எதோடு சேரும் என்று தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டு வாசலில் நின்றபடியே யார் யாருக்கு உறவு என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. போலிஷ் போட்டேன், செக் போட்டேன். கோமதி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. நானே கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து, குழைத்து, தாராளமாகப் பூசினேன். முதுகில் பூசினேன், ஓரத்தில் பூசினேன், கீபோர்டிலும் பூசினேன்.

"ஏங்க, வெளிய பூசுனா போதாதா?" என்றாள் கோமதி.

"நோய் உள்ளதானட்டி இருக்கு" என்றேன், பெரிய வைத்தியன் மாதிரி.

அழைப்பில் குழுத் தலைவி மிலேனா சிரித்த முகத்துடன் வரவேற்றார். முதல் வாக்கியத்தை அடித்து எண்டரைத் தட்டினேன். மண் காய்ந்து இறுகியிருந்த எண்டர் உள்ளே போனது, வெளியே வரவில்லை. திரையில் காலி வரிகள் கொட்ட ஆரம்பித்தன. கருவி அசரவில்லை. ஒன்றுமே இல்லாத ஒவ்வொரு வரியையும் அடைப்புக்குறிக்குள் போட்டுப் 'பெயர்த்தொடர்' என்று சீட்டு ஒட்டித் தள்ளியது. நிறுத்துவதற்காக நான் எந்த எழுத்தைத் தட்டினாலும் அதையும் தனி வரியாக்கி அதற்கும் ஒரு சீட்டு ஒட்டியது. கோமதி வளையலில் கிடந்த ஊக்கை வாங்கி எண்டரை நெம்பினேன். எண்டர் பிய்ந்து பறந்தது. லேப்டாப்பைச் சாய்த்து, அந்த இடத்திலிருந்து மண் பொலபொலவென்று உதிர்வதைக் கேமரா முன்னால் கையில் ஏந்தினேன்.

அது என்ன பொடி என்று மிலேனா கேட்டார். மருந்து என்றேன். யாருக்கு என்று கேட்டார். லேப்டாப்புக்கு என்றேன். பிறகு தொடர்பு கொள்வதாகச் சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார்.

நான் குப்புறப் படுத்துவிட்டேன். நல்ல சேதி கேட்க வந்திருந்த மாமியார்தான் தேற்றினார். "மண்ணு மேல தப்பு இல்ல மாப்ளே. ஆளுக்குப் பூசுத அளவு வேற, மிசினுக்குப் பூசுத அளவு வேற." கடையில் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டதாக மாமனாரிடமிருந்து போன் வந்தது.

மறுநாள் மிலேனாவின் மின்னஞ்சல் வந்தது. காலி வரியைப் பெயர்த்தொடர் என்று கருவி நம்புவது இத்தனை நாளாகத் தங்கள் யாருக்கும் தெரியாதாம். இவ்வளவு கொடுமையாக அதைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லையாம். சோதனையாளர் வேலைக்குச் சேர முடியுமா என்று கேட்டிருந்தார். வீடு அதிரக் குதித்தேன்.

குதித்து முடித்ததும், வேலை கிடைத்தது கருவியில் இருந்த கோளாறால்தான், மண்ணால் அல்ல என்று மாமியாருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"சரி. அந்தக் கோளாற வெளிய கொண்டுவந்தது நீங்களா, மண்ணா?"

அன்றிலிருந்து கோமதி வீட்டுச் சொந்தத்தில் மிக்சி நின்றாலும் சரி, கிணற்று மோட்டார் நின்றாலும் சரி, "மாப்ளயக் கூப்பிடுங்க, ஒரு கை மண்ணக் கரைச்சு ஊத்தட்டும்" என்பதுதான் முதல் பேச்சு. போன வாரம் கோமதியின் வளைகாப்பில், பாட்டு நடுவே மைக் செட் நின்றுபோனது. மைக் செட்காரர் உட்பட மொத்தக் கூட்டமும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.