மூன்றாவது சாம்பிள்

"இந்த ஜல்லியில தார் ஒட்டாது. பூரா தூசி!" என்று ரோடு கம்பெனி லேப்காரர் இரண்டு தடவை சாம்பிளைத் திருப்பிவிட்டார். மூன்றாவது இன்று நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்," என்றார் குவாரி முதலாளி.

சூப்பர்வைசர் உடனே வேலையில் இறங்கினார். ஒரு வாளி ஜல்லியை அலசு அலசென்று அலசினார். தூசி போய்விட்டது. ஆனால் ஈரக் கல்லை லேப்காரர் கையால்கூடத் தொடமாட்டாரே! மணி இரண்டரை. வாளியோடு வீட்டுக்கு ஓடினார்.

"வாசல்ல கிடக்கிற ஜல்லியை எப்ப அள்ளப் போறீங்க? போன வாரம் பூரா அதோட மாரடிச்சேன்!" என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அது என் ஜல்லி இல்லடி. எவனோ கொட்டியிருக்கான். பெரிய வாணலி எங்க?"

ஜல்லியை வாணலியில் போட்டு வறுத்தார். அடியில் இருந்த பழைய எண்ணெய் புகைந்து கல்லெல்லாம் கன்னங்கரேல் என்று ஆனது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ராத்திரிக்கு இதைத்தான் திங்கப் போறோமா?"

கரி போகச் சோப்புப் போட்டார். கரி போகவில்லை. கல் கமகமவென்று மணத்தது, மறுபடி ஈரமும் ஆனது. மணி மூன்றரை.

வாசலில் அந்தக் குவியல் தூசி தும்பில்லாமல், நன்றாகக் காய்ந்து கிடந்தது. அடுத்தவன் கல்தான். வேலை போவதற்குத் திருட்டு எவ்வளவோ தேவலை என்று ஒரு மூட்டை அள்ளிக்கொண்டு பறந்தார்.

லேப்காரர் கல்லைத் தேய்த்து விரலைப் பார்த்தார். "சாம்பிள் பாஸ்! இதே கல்லு ஐந்நூறு லோடு வேணும்."

அங்கேயே காத்திருந்த முதலாளி சூப்பர்வைசரைக் கட்டிக்கொண்டார். "எந்தப் பக்கம்யா வெட்டினே? இனிமே அங்கேயே வெட்டு!"

சூப்பர்வைசர் தலையை ஆட்டிவைத்தார். வெளியே வந்ததும் குவாரி லாரி டிரைவரை ஓரங்கட்டினார்.

"எங்க வாசல்ல ஒரு ஜல்லிக் குவியல் கிடக்குதே, அது எந்தக் குவாரி கல்லுன்னு தெரியுமா? சொல்லுப்பா, இல்லன்னா நான் தொலைஞ்சேன்!"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. முதல் சாம்பிளோட போய், தூசின்னு ரோடு கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பின நம்ம லோடுதான் அது. கொட்ட இடம் கிடைக்காம உங்க வாசல்ல கொட்டிட்டேன். தூசி பறக்குதுன்னு அண்ணிதான் தினமும் ஹோஸ் பிடிச்சுக் கழுவிட்டு இருந்தாங்க!"