பயந்த மாப்பிள்ளை

தண்ணீரூற்று,
12.06.2004

அன்புள்ள மச்சான் றம்சீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை சபூறாவும் மகள் ஸுல்பாவும் இங்கே சுகம். புத்தளத்தில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். ஆனால் ஸுல்பாவுக்கு நீ பேசிவைத்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உன் மூளையின் சுகத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

ஸாஜித்துக்குக் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தில் வேலை என்று எழுதியிருந்தாய். நான் அதை நம்பி, பள்ளிவாசலிலும் சந்தையிலும் "என்ட மருமகன் வெடியோட விளையாடுறவன்" என்று மார்தட்டித் திரிந்தேன். சலூனில் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழும்பி எனக்கு முதலிடம் தந்தார்கள், மச்சான்!

போன செவ்வாய், அந்த வீரத்தை நேரில் பார்ப்போம் என்று சைக்கிளை மிதித்து முல்லைத்தீவு அலுவலகத்துக்குப் போனேன். தலைக்கவசமும் கவச உடுப்புமாக ஒருவன் வருவான் என்று பார்த்தால், மேலே ஃபேன், கீழே சுழல் கதிரை, நடுவில் மடிப்புக் கலையாத சேட்டோடு இவன் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிறான். நான் ஸலாம் சொல்ல வாயெடுத்தேன். அவன் "ஐயோ, வெடிச்சிட்டுது!" என்று கத்தினான். சண்டைக் காலத்துப் பழக்கம் போகுமா? நான் மேசைக்குக் கீழே குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டேன்.

"எழும்புங்கோ மாமா, இது கேம்!"

கட்டம் கட்டமாக ஒரு விளையாட்டு. சில கட்டங்களுக்குள் வெடி ஒளிந்திருக்கும். பக்கத்தில் எத்தனை வெடி என்று எண் காட்டும். அதைப் பார்த்து, வெடியைத் தொடாமல் மற்றக் கட்டங்களைத் திறக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் விளையாடுகிறானாம். மற்ற நேரத்தில் வெடி இருக்கும் காணிகளின் வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் பதிகிறானாம்.

"அப்ப நீங்க ஒரு வெடியும் கையால எடுத்ததில்லையோ, தம்பி?"

"இல்ல மாமா. எனக்குச் சரியான பயம்."

பயமாம்! கூச்சமில்லாமல் சொல்கிறான். பிறகு என் கண்முன்னாலேயே இன்னும் மூன்று தடவை வெடித்துப்போனான். என்னையும் விளையாடச் சொன்னான். நான் இரண்டாவது கட்டத்திலேயே வெடித்து மவுத்து. அதை விடு, நானா மாப்பிள்ளை?

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தேன். "கை கால் முழுசா இருக்கிற மாப்பிள்ளை உங்களுக்கு இளக்காரமாப் போச்சோ?" என்று சபூறா குசினிக்குள் இருந்து கத்தினாள். ஸுல்பா மட்டும் அமைதியாக, "உண்மையா வெடி எடுக்கிற ஆளெண்டாத்தான் வாப்பாவுக்குப் பெருமையோ?" என்று கேட்டாள்.

"ஓம்! அப்பிடி ஒரு ஆள் இந்த வீட்டில இருந்தா நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிவன்" என்றேன்.

ஆகவே, மச்சான், இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்து. பையனின் தகப்பன் உன் அடுத்த வீடுதானே; வாயில் வந்த எதையாவது சொல்லிச் சமாளி.

மாமிக்கும் உன் வீட்டாருக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் புத்தியையும் தருவானாக.

இப்படிக்கு,
கொதிப்போடு,
மஹ்றூப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஸுல்பா வந்து, வெடி அகற்றும் பெண்கள் அணியில் சேர்ந்துவிட்டேன் என்கிறாள். "வாப்பாவுக்குச் சந்தோசம்தானே?" என்று வேறு கேட்கிறாள். சபூறா என்னோடு கதைப்பதில்லை. மேலே எழுதிய ஒன்றையும் வாசிக்காதே. ஸாஜித் தங்கமான பிள்ளை. இந்தக் காலத்தில் இப்படிப் பயந்த பிள்ளை எங்கே கிடைக்கும்? கடிதம் கிடைத்த கையோடு அவன் தகப்பனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. நிக்காஹ்வை உடனே முடிப்போம். இங்கே கல்யாண உடுப்புக்கு அளவெடுக்க வேண்டிய பிள்ளைக்குக் கவச உடுப்புக்கு அளவெடுத்துவிட்டார்கள்.