விரல் விழிப்பு நிலையம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கட்டில் கடை வாசலில் கூட்டம் முண்டியடித்தது. யாரும் கட்டில் வாங்க வரவில்லை. கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது விரல் விழிப்பு நிலையம். படிக்கட்டு முழுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு அப்பாவோ அம்மாவோ காவல். ஒவ்வொரு பிள்ளையின் வலது ஆள்காட்டி விரலிலும் ஒரு கம்பளி உறை. அந்த விரலில் வெயில் படக்கூடாது; குளிக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டே குளிக்க வேண்டும்; அதை வைத்து மூக்கை நோண்டக்கூடாது. நிலையத்தால் ஊருக்கு ஏதாவது நன்மை விளைந்தது என்றால் அது இந்த மூன்றாவது நிபந்தனைதான்.

விரலுக்கு இத்தனை மரியாதை வரக் காரணம் தகுதித் தேர்வு. எட்டாம் வகுப்பு படிக்கிற அத்தனை பேரும் ஒரே நாளில் எழுத வேண்டியது. நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ, ஈ என்று நாலு விடை. சரியான விடைக்கு உரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கிவிட்டால் போதும், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பிள்ளை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பதை அந்த வட்டங்கள்தான் முடிவு செய்யும். பதின்மூன்று வயதில் கோட்டை விட்டால் அப்புறம் வாழ்க்கையே இல்லை என்று பெற்றோர் நடுங்கினார்கள். இப்படி நடுங்குகிறவர்கள் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து ஒருவர் வந்து சேருவார். வந்து சேர்ந்தார்.

பெயர்ப் பலகையில் 'விரல் வித்தகர்' என்று போட்டிருந்தது. இதற்கு முன்னால் பத்து வருஷம் வீடு வீடாகப் போய்த் துணி துவைக்கும் இயந்திரம் விற்றவர். அவருடைய தத்துவம் சுருக்கமானது.

"கேள்வியைப் படிக்காதீங்க! படிச்சா மூளை முழிச்சுக்கும். மூளை முழிச்சா விரல் தூங்கிடும்!"

பெற்றோர் இதைக் கேட்டுக் கண் கலங்கினார்கள். எட்டு வருஷமாகப் பிள்ளைகளைப் 'படி படி' என்று அடித்தவர்களும் இவர்கள்தான்.

பயிற்சியும் சுலபம். கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களையும் வித்தகர் சொல்லித்தந்த வரிசையில் தொட வேண்டும். நடுவிரல், சுண்டுவிரல், சுண்டுவிரல், ஆள்காட்டி விரல் என்று போகும். மொத்தம் நாற்பது தொடல். காலையில் ஐம்பது தடவை, மாலையில் ஐம்பது தடவை. ஞாயிற்றுக்கிழமை விரலில் ஜில்லென்று ஒரு களிம்பு தடவி, ஊதி, தேர்வு வைப்பார். மதிப்பெண் வாரா வாரம் ஏறும். பதினொன்று எடுத்த பிள்ளை இருபத்திரண்டு எடுத்தது, முப்பத்தொன்று எடுத்தது, முப்பத்தெட்டைத் தொட்டது. கேள்வித்தாளும் ஒவ்வொரு வாரமும் புதுசு. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் பள்ளியின் கணக்கு டீச்சர். அவள் பேச்சு எடுபடவில்லை. காரணம், படிக்கட்டு வரிசையில் அவளுடைய மகளும் நின்றாள். அழைத்துப் போனவர் அவளுடைய வீட்டுக்காரர்.

"நீ பதினஞ்சு வருஷமா கணக்கு சொல்லிக்குடுக்கிறே. உன் பொண்ணு முப்பத்தெட்டு எடுத்திருக்காளா?" என்றார் அவர், மகளின் விரலுக்கு உறை மாட்டிக்கொண்டே.

"என்கிட்ட இருபத்தாறு எடுத்தா. அந்த இருபத்தாறும் அவளோடது."

"தேர்வுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. இப்பப் போய் பொறாமைப்படாதே."

டீச்சருக்கு நறுக்கென்று தைத்தது. பொறாமைதானோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. மகள் தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் வரைக்கும் இதே பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறை வரை வந்து, "அம்மா, இந்தக் கேள்வியே தப்பும்மா, அவ்வளவு தண்ணி அந்தத் தொட்டியில பிடிக்காது" என்று சண்டை போடுவாள். இப்போது எதற்கும் சண்டை இல்லை. வீடு அமைதியாக இருந்தது, டீச்சருக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

புதன்கிழமை பள்ளியில் அவள் ஒரு மாதிரித் தேர்வு வைத்தாள். வகுப்பில் இருபத்தாறு பேர். அதில் பதினேழு பேர் நிலையத்துப் பிள்ளைகள். அந்தப் பதினேழு பேரும் ஐந்தே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் திருத்த உட்கார்ந்தாள். முதல் தாளுக்கு ஒன்பது. அடுத்ததற்கும் ஒன்பது. மூன்றாவதற்கும் ஒன்பது. பதினாலு பேருக்கு ஒன்பது, மூன்று பேருக்கு எட்டு. அந்த மூன்று பேருக்கு விரல் கொஞ்சம் சோம்பல் போலிருக்கிறது.

இரண்டு விடைத்தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் கறுப்பு வட்டங்கள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. மூன்றாவதை வைத்தாள், நாலாவதை வைத்தாள். எல்லாம் அதே வட்டங்கள். பார்த்து எழுதியிருப்பார்களோ என்றால், அவரவரைத் தனித்தனி மேசையில் உட்கார வைத்தவளே அவள்தான். பதினேழில் ஒரு தாள் மகளுடையது.

அன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஏழாவது கேள்வி என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"தெரியாதும்மா."

"படிச்சியா இல்லையா?"

"படிக்கக் கூடாதும்மா. படிச்சா விரல் தூங்கிடும்." மகள் அதை அவ்வளவு பொறுமையாக, விவரம் தெரியாத ஆளுக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னாள். டீச்சருக்கு அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்கே, அந்தப் பயிற்சியைச் செய், நானும் பாக்கிறேன்" என்றாள்.

மகள் தொடத் தொட டீச்சர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். ஆள்காட்டி விரலுக்கு அ, நடுவிரலுக்கு ஆ, மோதிர விரலுக்கு இ, சுண்டுவிரலுக்கு ஈ. நாற்பதும் எழுதி முடித்து, மகளின் விடைத்தாளோடு ஒப்பிட்டாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு நிலையத்தில் கொடுத்த நாலு வாரக் கேள்வித்தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தானே விடை போட்டாள். கேள்விகள் வேறு வேறுதான். சரியான விடைகளின் வரிசை மட்டும் நாலிலும் ஒன்று. ஆ, ஈ, ஈ, அ என்று தொடங்கி நாற்பதாவது வரை மாறவே மாறாத வரிசை. துணி துவைக்கும் இயந்திரக்காரர் வாரத்துக்கொரு விடைப்பட்டியல் தயாரிக்கச் சோம்பல்பட்டிருக்கிறார். அந்தச் சோம்பலுக்குத்தான் ஊர் விரல் விழிப்பு என்று பெயர் வைத்து வரிசையில் நின்றது.

மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் போனாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டினார்.

"டீச்சர், நான் சனிக்கிழமைக்கு அவரை நம்ம மண்டபத்துக்கே வரச் சொல்லிட்டேன். மீதி ஒன்பது பிள்ளைங்க விரலையும் எழுப்பிடுவார். போன வருஷம் நம்ம பள்ளி கடைசியிலிருந்து ரெண்டாவது இடம். ஞாபகம் இருக்கில்ல?"

"சரி சார். தேர்வு மேற்பார்வை மட்டும் நான் பாத்துக்கிறேன்."

"தாராளமா." வேலையை யாராவது கேட்டு வாங்கினால் தலைமையாசிரியர் மறுத்ததே கிடையாது.

சனிக்கிழமை மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வித்தகர் மேடையில் நின்று ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் டீச்சரின் வீட்டுக்காரர், மார்பில் 'பெற்றோர் குழு' என்று அட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே பதினேழு பேரும் களிம்பு தடவிய விரலோடு தயாராக இருந்தார்கள். வித்தகர் கொண்டுவந்த கேள்வித்தாள் கட்டை டீச்சர் பிரிக்காமல் மேசைக்கடியில் வைத்துவிட்டு, தன் கட்டை எடுத்து விநியோகம் செய்தாள். வித்தகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய முறையில் கேள்வித்தாளுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கிடையாது.

பதினாலு பேர் கேள்வித்தாளைத் திறக்கவே இல்லை. மூன்று பேர் திறந்தார்கள், திடுக்கிட்டார்கள், சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மற்றவர்கள் மும்முரமாக வட்டத்தைக் கறுப்பாக்குவதைப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று அவர்களும் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் ஆவதற்கு அவர்களிடம் எல்லாத் தகுதியும் இருந்தது.

வித்தகர் பையிலிருந்து ஓட்டை போட்ட அட்டையை எடுத்தார். விடைத்தாளின் மேல் வைத்தால் சரியான விடைகள் ஓட்டைகளின் வழியே கறுப்பாகத் தெரியும். ஒவ்வொரு தாளாக வைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"நாற்பது! அடுத்தது, நாற்பது! இதுவும் நாற்பது!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தலைமையாசிரியர் எழுந்து நின்று தட்டினார். சத்தம் ஓய்ந்ததும் டீச்சர் ஒரு கேள்வித்தாளை எடுத்துப்போய் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

"என்னங்க, அந்தக் கேள்விகளைக் கொஞ்சம் சத்தமா படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவர் பெருமையோடு எழுந்து பக்கத்தைத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பது வரை எண்கள் இருந்தன. எண்களுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் இருந்தது. பின்பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல... ஒண்ணுமே இல்லையே?"

வித்தகரின் முகம் வெளிறியது. ஆனால் பத்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். முகத்தில் அறைந்து கதவைச் சாத்தினாலும் ஜன்னல் வழியாகப் பேசத் தெரிந்தவர். ஒலிபெருக்கியை இறுகப் பிடித்தார்.

"பாத்தீங்களா பெரியோர்களே! கேள்வியே இல்ல! இருந்தும் நாற்பதுக்கு நாற்பது! இதுதான் விரல் விழிப்போட உச்ச நிலை!"

முன்னதை விடப் பெரிய கைதட்டல் எழுந்தது. ஒரு அப்பா விசில்கூட அடித்தார். கேட்காத கேள்விக்குச் சரியான பதில் எப்படி இருக்க முடியும் என்று அந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டீச்சர் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். இத்தனை பேரையும் என்ன செய்வது?

அப்போது கீழே ஒரு நாற்காலி நகர்ந்தது. மகள் எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, நான் திறந்தே பாக்கல. வெறும் தாளுக்கா பதில் எழுதினேன்?"

அவள் விரலைத் துணியில் அழுத்தித் துடைத்தாள். "எனக்கு வேற தாள் குடுங்க. நான் படிச்சு எழுதறேன்."

டீச்சருக்கு உயிர் வந்தது. பையிலிருந்து இரண்டாவது கட்டை எடுத்தாள். "இது போன வாரம் நிலையத்துல குடுத்த அதே தாள். எல்லாரும் முப்பத்தாறுக்கு மேல எடுத்தது. வரிசையை மட்டும் தலைகீழா மாத்தி ஒட்டியிருக்கேன். நாற்பதாவது கேள்வி இதுல முதல் கேள்வி. ஒரு எழுத்துகூட மாறல."

"விரல்களுக்கு இப்ப ஓய்வு நேரம்," என்றார் வித்தகர் அவசரமாக.

"நாலு நிமிஷம் எழுதினதுக்கு என்னய்யா ஓய்வு? எழுதட்டும்!" என்று விசிலடித்த அப்பாவே கத்தினார். வித்தகரின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பதினாறு பேர் நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். மகள் மட்டும் நாற்பது நிமிஷம் எழுதினாள். நடுவில் ஒரு இடத்தில் அழித்தாள், ஓரத்தில் ஏதோ பெருக்கிப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். முதல் வரிசையிலிருந்து அவளுடைய அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் வித்தகரின் ஓட்டை அட்டையையே கேட்டு வாங்கினாள். கேள்வி வரிசை தலைகீழ் என்பதால் அதன் மேல்நுனி கீழே வரும்படி பின்புறமாகப் புரட்டி வைத்துத் திருத்தினாள். திருத்தியதைத் தலைமையாசிரியரே அறிவிக்க வேண்டியதாயிற்று.

"பத்து. பத்து. ஒன்பது. பத்து..." அவர் குரல் போகப் போக இறங்கியது. கடைசித் தாளில் மட்டும் நிமிர்ந்தது. "இருபத்தேழு."

டீச்சர் ஒரு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்த நாற்பது தொடல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். இன்னொரு கையில் அட்டையைப் பிடித்து, ஓட்டைகளை வரிசையாகப் படித்தாள். எட்டாவது தொடலிலேயே பின்வரிசைக்குப் புரிந்துவிட்டது. தலைமையாசிரியர் ஒரு மாணவியைப் பிடித்து, "உனக்கு இது தெரியுமா, தெரியாதா?" என்று அதட்டினார்.

"மூணாவது வாரமே தெரியும் சார்," என்றாள் அவள். "ஆனா வீட்டுல எல்லாரும் ரொம்பச் சந்தோஷமா இருந்தாங்க."

கூட்டம் மேடையைத் திரும்பிப் பார்த்தபோது மேடை காலியாக இருந்தது. வித்தகர் பின்வாசல் வழியாகப் போயிருந்தார். ஆள்காட்டி விரல்களுக்குத் தடவிய களிம்பு டப்பா மட்டும் மேசையில் கிடந்தது. முகர்ந்து பார்த்ததில் சாதாரணத் தலைவலித் தைலம். டீச்சரின் வீட்டுக்காரர் மார்பிலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தப்பாய்ப் போன பதின்மூன்று கேள்விகளையும் அவளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். நாலாவது கேள்வியில், "இல்லப்பா, நீங்க சொல்றது தப்பு" என்று அவள் சண்டைக்கு வந்தாள். டீச்சர் காது குளிரக் கேட்டாள்.

ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தார். கையில் குறிப்பு நோட்டும் பேனாவும் இருந்தன.

"டீச்சர், அந்த ஆள் மோசக்காரன்னு இப்ப நல்லாப் புரிஞ்சுது. நீங்க சொல்லுங்க. இந்தத் தலைகீழ் வரிசைக்குத் தனியா விரல் பயிற்சி ஏதாவது இருக்கா?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்குங்க. கேள்வியை முழுசாப் படிக்கணும். அப்புறம் யோசிக்கணும்."

அந்த அம்மா பயபக்தியோடு எழுதிக்கொண்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க?"

"யாராவது எதையாவது சொல்ற ஒவ்வொரு தடவையும்."

"என் பொண்ணு செஞ்சிடுவாளா?"

"அவ செஞ்சிடுவா. முதல்ல நீங்க ஆரம்பிங்க."