பச்சைக் குண்டூசி முந்திப் போன பந்தயம்

திண்டுக்கல்,
9.9.1998

அன்புள்ள மாப்பிள்ளை பிராங்கிளினுக்கு,

அத்தான் சூசை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் அக்கா சகாயசெல்வியும் சுகம். பெங்களூரில் நீங்களும் ரூபியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க, செபமாலையில் ஒரு பத்து உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். மழை இன்னும் இறங்கவில்லை. தக்காளி விலை மட்டும் இறங்கியிருக்கிறது.

சைக்கிள் பந்தய மேடையில் நான் சங்கத் தலைவரை அவமானப்படுத்தியதாகவும், சங்கத்தார் என்னைக் கீழே இறக்கி அனுப்பியதாகவும் கொடைரோடு ஸ்டேஷனில் யாரோ உங்களிடம் சொன்னதாகப் போனில் கேட்டீர்கள். எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் ஆறு பேர் நின்றதால் என்னால் விளக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ரூபிக்கும் வாசித்துக் காட்டவும்.

தந்தி ஆபீசில் முப்பது வருஷம் கட்டுக்கடகட என்று தட்டிவிட்டு ஓய்வுபெற்றவன் வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்று நீங்கள்தான் அந்த ஹாம் ரேடியோ செட்டை வாங்கி வந்து கொடுத்தீர்கள். நானும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தம் மூன்று பேர். நான், ரேடியோ ரிப்பேர் கடை முனீர், பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தும் பிரிஸ்கில்லா டீச்சர். மாலையானால் மூன்று பேரும் வாக்கி டாக்கியில் ஒருவரையொருவர் சுகம் விசாரித்துக்கொள்வோம். முனீர் கடைக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு தெருதான் என்பது வேறு விஷயம். இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தவர்களைத்தான் விளையாட்டு நேசர் சங்கத் தலைவர் மலைச்சாமி வந்து பிடித்தார். திண்டுக்கல்லில் புறப்பட்டு, வடமதுரையில் திரும்பி, மறுபடி திண்டுக்கல்லுக்கே வருகிற சைக்கிள் பந்தயம். கூடவே ஒரு ஆம்புலன்ஸ். மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்தவர்களை ஏற்றி வர ஒரு மினி லாரி. இந்த இரண்டும் எந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று நாங்கள் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "ராக்கெட்டு விடுற எடத்துல சொல்லுவாகள்ல, அதே மாதிரி சனங்க கேக்கணும்ணே" என்றார். கேட்பதற்காக என் செட்டை மைக்செட்டோடு இணைக்கவும் சொன்னார். மாப்பிள்ளை, இந்த யோசனை அவருடையது என்பதை இங்கே அடிக்கோடிட்டுக்கொள்ளவும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூசையைக்கூட விட்டுவிட்டு ஐந்தரைக்கே மேடையில் ஆஜரானேன். மூங்கிலில் ஆன்டெனா, மேசையில் செட், பக்கத்தில் பலகையில் ரோட்டுப் படம். ஆம்புலன்சுக்குச் சிவப்புக் குண்டூசி, லாரிக்குப் பச்சைக் குண்டூசி. முனீர் ஆம்புலன்சிலேயே ஏறிக்கொண்டார். டீச்சர் வடமதுரைத் திருப்பத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். லாரியில் ஏற எங்களில் ஒருவருக்கு இடம் கேட்டபோது டிரைவர் பக்கத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இருந்த இடத்தில் ஒரு தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு இருக்கிற மரியாதை எனக்கில்லையே என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

ஆறரைக்குக் கொடியசைத்தார்கள். நாற்பத்திரண்டு சைக்கிள். கம்பெனி பனியனும் வழவழப்பான சைக்கிளுமாக வந்தவர்களுக்கு நடுவில் பால்காரர் பொன்னழகு, கேனைக் கழற்றிவிட்டு, பின்னால் கேரியர் கொக்கியோடு நின்றார். நாற்பத்தைந்து வயது. தினமும் அறுபது லிட்டர் சுமந்து மிதிக்கிறவருக்குச் சுமையே இல்லாமல் மிதிக்கக் கிடைத்தது விடுமுறை மாதிரி இருந்திருக்கும். மனிதர் சிட்டாகப் பறந்துவிட்டார். ஆனால் பத்து நிமிடத்துக்கெல்லாம் தலைவர் ஒலிபெருக்கியில், முன்னணியில் இருப்பது பதினேழாம் எண் என்று அறிவிக்க ஆரம்பித்தார். பதினேழாம் எண் யாரென்றால் அவருடைய அக்கா மகன் அழகுராஜா. ரோட்டில் நடப்பதைச் சொல்ல எங்களிடம்தான் ரேடியோ இருந்தது; தலைவருக்கு அது தேவைப்படவில்லை.

ஏழு மணிக்கு முனீர் வந்தார், லைனில். ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டேன். "அண்ணே, தாடிக்கொம்பு பெருமாள் கோயில் வாசல்ல நிக்கிறோம். தலைவரு வீட்டம்மாவும் அவுக சொந்தக்காரகளும் சாமி கும்பிடப் போயிருக்காக. செத்த நேரத்துல வந்துருவாகளாம். ஓவர்" என்றார். அத்தனையும் எட்டு ஒலிபெருக்கிக் குழாயில் ஊர் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் ஒருவர், வரும்போது துளசி கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். நான் சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கிக் கரூர் ரோட்டில் குத்தினேன். பந்தயம் திருச்சி ரோட்டில் நடந்துகொண்டிருந்தது.

ஐந்து நிமிடத்தில் டீச்சர் லைனில் வந்தார். லாரி வடமதுரைக்கு வந்துவிட்டது என்றார். சைக்கிள் எத்தனை வந்தது என்றேன். ஒன்றுகூட வரவில்லை என்றார். கடைசி ஆளுக்குப் பின்னால் வர வேண்டிய லாரி முதல் ஆளுக்கு முன்னால் எப்படி வரும் என்று நான், பத்து வருஷமாக வகுப்பெடுக்கிற ஒரு பெண்ணை, ஊர் கேட்கக் கோபித்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னேன். அவர் நிதானமாக, "சார், எனக்கு அம்பதடி தள்ளி நிக்குது. மேல தார்ப்பாய் போத்தியிருக்கு. டிரைவர் டீ குடிக்கிறார்" என்றார். நான் பச்சைக் குண்டூசியை எடுத்து நாற்பத்திரண்டு பேரையும் தாண்டி வடமதுரையில் குத்தினேன். சிறப்பு விருந்தினராக வந்திருந்த பழைய ஹாக்கி வீரர் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை. அடுத்த முறை டீச்சர் குரல் மாறியிருந்தது. முதல் ஆளாக வடமதுரைக்கு வந்த பொன்னழகு, குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கித் தலைகுப்புற விழுந்துவிட்டார். மண்டை உடைந்து ரத்தம் கொட்டுகிறது, பேச்சு இல்லை, ஆம்புலன்ஸ் வேண்டும். முனீரைக் கூப்பிட்டேன். இன்னும் பிராகாரம் சுற்றி முடிக்கவில்லை என்றார். மேடைக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குழாய்க்கு அடியில் நெருங்கி வந்தார்கள். பொன்னழகு ஊற்றும் பாலைத்தான் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் காலையில் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். தலைவர் என் காதருகே குனிந்து, "மொதல்ல மைக்க அமத்துங்கண்ணே" என்றார்.

நான் அமர்த்தவில்லை. இதை நானே சொல்லக்கூடாது. இருந்தாலும் வேறு யாரும் சொல்லாததால் சொல்லுகிறேன். மைக்செட்டுக்காரர் அப்பாஸைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். அவர், சுவிட்சு சூடாக இருக்கிறது, ஆறினால்தான் தொட முடியும் என்று தலைவரிடம் சொல்லிவிட்டார். ஊரே கேட்கும்படியாகவே நான், "டீச்சர், லாரியில ஏத்துங்க" என்றேன். டிரைவர் மறுத்திருக்கிறார். விழுந்தவர்களை ஏற்றுவதற்கென்றே வந்த லாரியில் விழுந்தவரை ஏற்ற முடியாதாம். டீச்சர் அவரிடம் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. தானே ஏறித் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிறகு எட்டுக் குழாயிலும் அவர் குரல், வருகைப் பதிவு வாசிக்கிற குரல், கேட்டது. "சார், உள்ள ஏற்கெனவே ஒருத்தர் சைக்கிளோட படுத்திருக்கார். நெஞ்சுல பதினேழுனு போட்டிருக்கு. ஓவர்."

தலைவர் முன்னணி பற்றி அதற்குப் பிறகு எதுவும் அறிவிக்கவில்லை.

அந்த அழகுராஜாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவன் நெஞ்சில் கட்டியிருந்த எண் துணியைப் பிய்த்துப் பொன்னழகு மண்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவர் தலையை மடியைவிட்டு இறக்கவில்லையாம். டீச்சர் சொன்னார். பொன்னழகுக்கு ஒன்பது தையல். மறுநாள் கண் விழித்து, தன் சைக்கிள் எங்கே என்று கேட்டிருக்கிறார். பந்தயத்தில் ஜெயித்தது ஒரு நூல் மில் தொழிலாளி. அவர் வந்து சேர்ந்தபோது கூட்டம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றதால் கைதட்ட ஆளில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நேற்று நகரம் பூராவும் சுவரொட்டி. தலைவரின் முன்யோசனையால் வடமதுரையில் முன்கூட்டியே தயாராக நிறுத்தப்பட்ட லாரி ஓர் உயிரைக் காத்ததாம். உயிர்காத்த வீரர் அழகுராஜாவுக்கு, பந்தயத்தைத் துறந்து சேவை செய்ததற்காகக் கேடயமாம். எனக்கும் ஒன்று வந்தது, சங்கத்திலிருந்து பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். ஒப்புக்கொண்ட இரண்டு வண்டிகள் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லாமல், அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பரப்பியது எந்த அதிகாரத்தில் என்று ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம். நான் தர மாட்டேன். அதேபோல் இந்தச் செட்டையும் இனித் தொட மாட்டேன். துணியில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று. அடுத்த முறை வரும்போது எடுத்துப்போய் அங்கே நியாயமுள்ள ஊர்க்காரர் யாருக்காவது கொடுத்துவிடவும்.

ரூபிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர் உரித்தாகட்டும். அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்கள் சகலரும் உங்கள் வீட்டைக் காப்பார்களாக.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
சூ. சூசை

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டு உங்க அத்தான் டீ குடிக்கப் போயிருக்கார். அன்னைக்கு நானும் மேடைக்குப் பக்கத்துலதான் இருந்தேன். தலைவர் அமத்தச் சொன்னதும் இவர் மேசைக்கு அடியில தவழ்ந்து போய் ஒயரைப் புடுங்கினார். புடுங்கினது சீரியல் லைட்டு ஒயர். சுவிட்சுல கை வச்ச அப்பாஸைப் பார்த்தது இவர் இல்ல, நான். லாரியில ஏத்தச் சொன்னதும் நான்தான். இவர் அடியில இருந்ததால மேசையில செட்டு சும்மா கிடந்துச்சு. மன்னிப்புக் கேட்டு விளக்கமும் எழுதி நேத்தே குடுத்துட்டார், ரெண்டு பக்கம். செட்டு பரண்ல இல்ல, என் அலமாரியில இருக்கு. பிரிஸ்கில்லா எனக்குப் பாடம் எடுக்கிறா, டிசம்பர்ல பரீட்சை. அதனால எடுத்துட்டுப் போக வராதே. வந்தா இன்னொண்ணு வாங்கிட்டு வா. இந்த ரேடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஒருத்தர் பேசி முடிச்சதும் 'ஓவர்' சொல்லி அடுத்தவுகளைப் பேச விடணும்னு சட்டம் இருக்கு. முப்பத்திரண்டு வருசமா இந்த வீட்டுல அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.