பதினெட்டாம் நம்பர் ஆட்டக்காரர்

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குள் லீக் ஆபீசுக்குப் பதினெட்டு ஆட்டக்காரர்களின் பட்டியல் போயாக வேண்டும். கால்பந்து கிளப்பின் செகரெட்டரி மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தார். பதினேழுதான் வந்தது.

காலையில்கூடப் பதினெட்டு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் சேர்மன் ஒரு ஃபார்வர்டை விற்றுவிட்டார். கிளப்புக்குப் படியளந்துகொண்டிருந்த டயர் கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து சேர்மன் கண்ணில் பட்டதையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். கோல் கீப்பர் போனார், கிளப் பஸ் போனது, தாழ்வாரத்து பல்புகளில் பாதி போனது. ஆள் குறையக் குறைய அந்தக் கட்டடத்தில் பட்டப்பகலிலேயே ஒரு மாதிரி இருந்தது. செகரெட்டரி தாழ்வாரத்தில் நடந்தால் அவருடைய செருப்புச் சத்தம் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வருவதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டார். அவ்வளவு தைரியமெல்லாம் அவருக்குக் கிடையாது.

பதினெட்டு பேர் இல்லையென்றால் லீக்கிலிருந்து கிளப்பைத் தூக்கிவிடுவார்கள். கிளப் போனால் வேலை போச்சு. ஐம்பத்திரண்டு வயதில், கால்பந்தையே ஒழுங்காக உதைக்கத் தெரியாத கால்பந்து கிளப் செகரெட்டரிக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

ஸ்டேப்ளர் பின் தேடி அடி டிராயரைத் திறந்தார். பழைய காகிதங்களுக்கு அடியில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வயதிருக்கும். உம்மென்ற முகம். எங்கேயோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் பேரில்லை.

மணி நாலு ஐம்பத்தாறு.

செகரெட்டரி கண்ணை மூடிக்கொண்டு போட்டோவைப் படிவத்தில் ஒட்டினார். வாயில் வந்த ஒரு பெயரை எழுதினார். ஜெர்சி நம்பர் பதினெட்டு. அனுப்பிவிட்டார். லீக் ஆபீசிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது, "பட்டியல் ஏற்கப்பட்டது." அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார் மனுஷன்.

மறுநாள் சேர்மன் பட்டியலோடு வந்தார்.

"யாருய்யா இந்தப் பதினெட்டு? பிராக்டீஸ்ல நான் பாத்ததே இல்லையே?"

"முட்டில அடி சார். ரெஸ்ட்ல இருக்காரு."

"நல்லாக் கவனிச்சுக்கங்கய்யா. அடிபட்டு உக்காந்தா யாரு வாங்குவா?"

அதோடு விட்டது என்று நினைத்தார். சனிக்கிழமை, யார் யாருக்கு மசாஜ் செய்தார் என்று கிளப் மசாஜ்காரர் எழுதும் நோட்டு கையெழுத்துக்கு வந்தது. பத்தாவது வரியில் எழுதியிருந்தது: பதினெட்டு, வலது முட்டி, இருபது நிமிஷம்.

செகரெட்டரி நோட்டும் கையுமாக எழுந்தார். சிகிச்சை அறைக்கு ஓடினார்.

"பதினெட்டு வந்தாரா? இங்கயா?"

"வந்தாரே சார்." மசாஜ்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். "பேச்சே கெடையாது. வந்தாரு, படுத்தாரு, போயிட்டாரு. உடம்புதான் ஐஸ் கட்டி மாதிரி ஜில்லுனு இருந்துச்சு."

திங்கட்கிழமை சலவைக்காரம்மா ஜெர்சி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகில் பதினெட்டு. கழுத்து வரைக்கும் சேறு.

"என்ன சார் ஆளு இவரு? உருண்டு பொரளுவாரா? தேய்ச்சுத் தேய்ச்சு என் கையே போச்சு."

செகரெட்டரியின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று படிவத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாருங்க இது?" மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நேரா நம்மளையே பாக்குறாரே. சிரிச்ச முகம்."

"சைடுலதானே பாக்குறான்? உம்முனுதானே இருக்கான்?"

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்."

அவர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் தண்ணீர்ச் செம்பையும் வைத்தார்.

நல்லகாலம், அந்த வாரமே நிஜமான ஆள் ஒருவர் கிடைத்தார். வேறு கிளப் கழற்றிவிட்ட கோல் கீப்பர், இலவசம். உண்மையான பதினெட்டு பேர் சேர்ந்தாயிற்று. செகரெட்டரி சேர்மனிடம் பறந்தார்.

"சார், அந்தப் பதினெட்டாம் நம்பரை விட்டுடலாம். சும்மா போகட்டும்."

"சும்மாவா? இந்தக் காலத்துலயா? வெல போடுய்யா, விக்கலாம்."

செகரெட்டரி யோசித்தார். யாரும் வாங்க முடியாத விலையாகப் போட்டுவிட்டால்? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், சீசன் முடிந்ததும் சத்தமில்லாமல் பெயரை அடித்துவிடலாம். மனசுக்குத் தோன்றிய தொகையை எழுதினார். பயத்தில் கூடவே ஒரு சைபரும் சேர்த்தார்.

அந்தச் சைபர்தான் குடியைக் கெடுத்தது. எல்லாக் கிளப்புக்கும் கையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆட்டக்காரருக்கு இவ்வளவு விலையா என்று ஊர்முழுக்க அதே பேச்சு. இவ்வளவு கேட்கிறார்கள் என்றால் ஆளிடம் என்னவோ இருக்கிறது. அவர் ஆடி யாரும் பார்த்ததில்லையாமே? அப்படியென்றால் மறைத்து வைத்து வளர்க்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரிய கிளப் பாதி விலைக்குக் கேட்டது.

"முடிச்சுட்டேன்யா!" சேர்மன் செகரெட்டரியின் முதுகில் ஓங்கித் தட்டினார். "இந்த சீசன் முழுக்க யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நாளைக்குக் காலைல அவங்க டாக்டர் வந்து ஆளை டெஸ்ட் பண்ணுவாரு. பதினெட்டை ரெடியா இருக்கச் சொல்லு."

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். ஒல்லியான, அவசரக்காரர். சிகிச்சை அறைக்குள் போனதும், "அவரை அனுப்புங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

செகரெட்டரி தாழ்வாரத்தில் நின்றார். ஜெயில் கண்ணுக்குத் தெரிந்தது. மனைவி டிபன் டப்பாவோடு ஜெயில் வாசலில் நிற்பதும் தெரிந்தது. கால்மணி நேரம் போனது. அரைமணி நேரம் போனது. டாக்டர் கூப்பிடவே இல்லை. எரியாத பல்புக்கு அடியிலிருந்து மசாஜ்காரர் வந்தார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"சார், ஒண்ணு சொல்லிடறேன், திட்டாதீங்க. அந்தப் பதினெட்டை நான் பாத்ததே இல்ல. வாரத்துக்குப் பத்து பேருக்குக் கொறஞ்சா அரை நாள் வேலதான்னு சேர்மன் சொல்லிட்டாரு. ஒம்பதுதான் இருந்துச்சு. பதினெட்டுக்கு முட்டில அடின்னு சேர்மன் சொன்னது ஞாபகம் வந்துச்சு, எழுதிட்டேன்."

"அந்த ஜில்லுனு..."

"நீங்க வந்து கேட்டதும் ஒளறிட்டேன் சார்."

பின்னாலேயே சலவைக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "நானும் பொய்தான் சார் சொன்னேன். பதினெட்டு ஜெர்சிக்குக் கொறஞ்சா வெளில லாண்டிரில குடுத்துடுவேன்னாரு சேர்மன். நானே கார்னர் கொடி பக்கம் போயி, அந்த ஜெர்சியைச் சேத்துல பொரட்டிட்டு வந்தேன்."

செகரெட்டரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. ஆளும் இல்லை, ஆவியும் இல்லை. வேலை போய்விடுமே என்று பயந்த மூன்று பேர் சேர்ந்து ஒருத்தனைப் பெற்று வளர்த்திருக்கிறார்கள். இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"நான்தாம்மா மொத ஆளு. அப்படி ஒருத்தனே கெடையாது," என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது சலவைக்காரம்மாதான்.

"அப்ப இல்லாத ஆளை வித்துட்டோமா சார்?"

செகரெட்டரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். போதும். வேலை போனால் போகட்டும், இனி ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது. பட்டியல் எழுதியது நான், இவர்களை இழுக்க மாட்டேன், டாக்டரின் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று முடிவு பண்ணிச் சிகிச்சை அறைக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

கதவு உள்ளிருந்து திறந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டபடி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், மைதானத்தைப் பார்த்த இன்னொரு கதவு திறந்து கிடந்தது. உள்ளிருந்து சில்லென்று காற்று வந்தது. சிகிச்சை மேசையின் விரிப்பு கசங்கியிருந்தது.

"டாக்டர், மன்னிச்சிடுங்க. அந்தப் பதினெட்டு..."

"பிரமாதமான ஆளு சார்! முட்டில ஒரு கொறையும் இல்ல. எங்க புடிச்சுப் பாத்தாலும் நாடி மட்டும் கெடைக்கல, அதை எங்க சேர்மனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், 'இந்த வெலைக்கு அதையெல்லாம் பாத்தா முடியுமா, கூட்டிட்டு வாய்யா'ன்னுட்டாரு."