மருமகன் தேறும் விதி

மூன்றாவது விதியிலேயே இயக்குநரின் வருங்கால மருமகன் விழுந்துவிட்டான்.

பட்டப்படிப்பு என்றால் குறைந்தது மூன்று வருடம். மருமகனின் வெளிநாட்டுப் பட்டம் பதினைந்தே மாதம். அதிலும் இரண்டு மாதம் விடுமுறை.

"செல்லாதுன்னு எழுதிட்டுப் போங்க தம்பி," என்றாள் தட்டச்சு அக்கா.

"எழுதிட்டு? நான் வீட்டுக்குப் போகவா?" என்றார் மதிப்பீட்டாளர்.

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் தர விதிகளை மதிப்பீட்டாளர் எழுதி முடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இயக்குநரே மருமகனின் கோப்பைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்திருந்தார்.

"நம்ம வீட்டுக்கு வரப்போற பையனோடது. உங்க விதியை முதல்ல இதுல போட்டுப் பாருங்க. தயவு தாட்சண்யமே கூடாது. வெள்ளிக்கிழமை உங்க வேலை நிரந்தரத்துக்கும் கையெழுத்துப் போட்டுடலாம்."

அந்த அலுவலகத்தில் தயவு கூடாது என்று மேலதிகாரி சொன்னால், தாராளமாகக் காட்டு என்று பொருள். இது புரியாதவர்கள் வருடக்கணக்கில் தற்காலிகமாகவே இருந்தார்கள். மதிப்பீட்டாளர் ஆறு வருடம் அப்படி இருந்தவர். இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை.

வருடக் கணக்கை அடித்துவிட்டு, வகுப்பு மணிக்கணக்கைப் போட்டார். மருமகன் தேறினான். கூடவே நீச்சல் குளக் காவலர் பயிற்சியும் பொறியியல் பட்டத்துக்குச் சமமாகிவிட்டது.

"அக்கா, நூலகம் இருக்கணும்னு சேர்த்துக்கோங்க."

நீச்சல்காரர் ஒழிந்தார். மருமகனும் ஒழிந்தான். அவனுடைய பல்கலைக்கழகம் ஒரு ரொட்டிக்கடை மாடியில் இரண்டே அறை.

"நூலகம்னு வேண்டாம். படிக்க ஏதாவது கிடைக்கிற இடம்னு போடுங்க."

"அப்போ முடிவெட்டுற கடைகூட உள்ள வந்துடுமே. பழைய வாரப் பத்திரிகை கிடக்குமில்ல?"

வந்தது. மறுநாளே ஒரு சிகையலங்காரப் பள்ளி முதுகலைக்குத் தகுதி பெற்றது.

அந்தப் பள்ளிக்கு வயது முப்பது. ரொட்டிக்கடை மாடிக்கு நான்கு. மதிப்பீட்டாளர் கண்ணை மூடிக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் பழைய நிறுவனம் எதுவும் செல்லாது என்று எழுதினார். மருமகன் மட்டும் தனியாக நின்றான், முதல் வகுப்பில்.

வீட்டில் மனைவி விதிகளைப் படித்துப் பார்த்தாள்.

"நீங்க வெளிநாட்டுல படிச்ச காலேஜ் முந்நூறு வருஷம்னு பீத்திக்குவீங்களே?"

"இப்போ அது செல்லாது."

"யார் சொன்னா?"

"நான்தான்."

"அப்போ இந்த வேலைக்கே உங்களுக்குத் தகுதி இல்லையே!"

"முதல்ல நிரந்தரமாகட்டும். தகுதியை அப்புறம் பார்த்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை அறிக்கையை நீட்டினார். "தம்பி பிரமாதமா தேறிட்டார் சார். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அசைக்க முடியாது."

இயக்குநர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தார். முகம் வெளிறிவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எதிலும் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார்.

கோப்புகளை எடுக்க வந்த அவருடைய ஓட்டுநரை மதிப்பீட்டாளர் மடக்கினார். "என்னண்ணே, பாஸ்தானே போட்டேன்? சாருக்கு என்ன ஆச்சு?"

"அந்தப் பையனைத்தான் கட்டுவேன்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்குது சார், பட்டம் செல்லாதுன்னு ஒரு காகிதம் கிடைச்சா கல்யாணத்தையே நிறுத்திடலாம்னுதான், ஆபீஸ்லயே ரொம்பக் கறாரான ஆள் யாருன்னு விசாரிச்சு உங்ககிட்ட குடுத்தாரு!"