சேர் கடமையிலோ?

இந்த நாட்டுப் பொலிசுக்கு இதுவரை வாய்த்த மிகத் திறமான சட்டத்தரணி சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறவர். அப்படி ஒருவர் தங்களுக்காக வாதாடுகிறார் என்பது பொலிசுக்கே தெரியாது. ஸ்கந்தபுரத்துக்குப் போகிற வழியில், எங்கள் ஊர் மண்பாதை தார் றோட்டில் ஏறுகிற சந்தியில் அவருடைய தகரக் கொட்டில். காற்றடிக்கும் பம்மை மிதித்தபடியே சம்பளமில்லாமல் நாள் முழுவதும் வாதாடுவார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊருக்கு அவர் விதிவிலக்கண்ணை.

கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது, "அத்தியாவசிய சேவையினருக்கு விதிவிலக்கு" என்று வானொலியில் நாளும் பொழுதும் சொன்னார்கள். நாங்கள் கேட்டு மறந்தோம். அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அதுவரை விளங்காமல் கிடந்த உலகம் முழுவதும் அன்றோடு அவருக்கு விளங்கிவிட்டது.

ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பொலிஸ்காரர் போனார்கள். நாங்கள் போனால் தண்டம். சந்தி முணுமுணுத்தது. அண்ணை பம்மை நிறுத்தினார்.

"ஒருத்தன் ஓட்டி, ஒருத்தன் காவல், ஒருத்தன் கள்ளன். மூண்டு பேர் வேணும்தானே?"

"மூண்டு பேரும் யூனிபோமில எல்லோ போகினம்?"

"பிறகென்ன, கள்ளனைக் கள்ளன் எண்டு காட்டிக்கொண்டே கொண்டுபோறது? ரகசியமடாப்பா."

இன்னொருவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் போன் பேசிக்கொண்டு போனார். "கள்ளன்தான் எடுக்கிறான், சரணடைய. எடுக்காமல் விட்டால் அவன் மனம் மாறிப்போடுவான்." ஜீப்பை றோட்டின் பிழையான பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். "குற்றவாளி எந்தப் பக்கத்தால வருவான் எண்டு உனக்குத் தெரியுமோ?" ஹெல்மெட் இல்லாமல் ஒருவர் போனார். "காது கேக்க வேணுமெல்லோ. ஆரும் 'ஐயோ' எண்டு கத்தினால்?"

இந்த வாதங்களுக்கு எதிராக நின்ற ஒரே ஆள் பரிமளக்கா. கொட்டிலுக்கு எதிரே தேத்தண்ணிக்கடை வைத்திருப்பவர். கோயிலுக்குப் புருசனோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனபோது, ஹெல்மெட் இல்லையென்று ஓர் இளம் கான்ஸ்டபிள் மறித்துத் தண்டம் எழுதிவிட்டார். "பக்கத்தில தானே சேர், இந்தா கோயில் தெரியுது" என்று கோபுரத்தைக் காட்டியும் அவர் விடவில்லை. அடுத்த கிழமையே அதே கான்ஸ்டபிள் வெறுந்தலையோடு சந்தியைக் கடந்து போனதை அக்கா கண்டுவிட்டார்.

"உந்தத் தலை என்ன, இரும்போ?" என்று அவர் கேட்ட கேள்விக்குத்தான் அண்ணை அந்தக் காது விளக்கத்தைச் சொன்னது.

இருவரும் பிறகு என்னிடம் திரும்புவார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்துக் கம்பஸ் வாசலைக் கண்டவன் நான். அதனால் சட்டம், வருத்தத்துக்கு மருந்து, வெளிநாட்டு விசா எல்லாவற்றுக்கும் சந்தி என்னைத்தான் கேட்கும்.

"தம்பி, நீ படிச்சனீ. அவைக்கு ஹெல்மெட் தேவையில்லை எண்டு சட்டத்தில இருக்கோ, இல்லையோ?"

நான் படித்தது விவசாயம். கபிலநிறத் தத்திப் பூச்சி எப்போது நெல்லில் விழும் என்று கேட்டால் சொல்லுவேன். "தெரியாது அக்கா, பாத்துச் சொல்லுறன்" என்பேன். "உவன் பாஸ் பண்ணினது மெய்யோ?" என்று அக்கா சந்தேகப்படுவார்.

அண்ணை பொலிசுக்கு வாதாடினாலும் ஊரைக் கைவிட்டவர் அல்ல. அக்காவுக்குத் தண்டம் விழுந்த மறுநாளே கொட்டில் வளைமரத்தில் இரண்டு ஹெல்மெட்டுகள் தொங்கின. ஒன்று கறுப்பு, பக்கவாட்டில் வெடிப்பு. மற்றது ரோசா நிறம், நெற்றியில் வண்ணத்துப்பூச்சி. அவருடைய மகள் ரியூசனுக்குப் போன காலத்தில் போட்டது. தார் றோட்டில் ஏறுகிறவர்கள் இரவல் வாங்கிப் போய், திரும்பி வரும்போது கொளுவிவிட்டுப் போகலாம். மீசை வைத்த ஆம்பிளைகள் கறுப்புக்காகக் காத்து நிற்பார்கள். அவசரக்காரர் வண்ணத்துப்பூச்சியோடு போவார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்தது, அந்த ஞாயிறு வரைக்கும்.

பின்னேரம். அதே கான்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டிலடிக்கு வந்தார். பின் சில்லில் காற்றில்லை. கட்டைக் காற்சட்டை, ரீசேட். ஹாண்டிலில் ஒரு பை, பைக்குள்ளிருந்து ஒரு விரால் மீன் வாலை ஆட்டியது. தலையில் வழமைபோல் ஒன்றுமில்லை. எதிர்க்கடையில் பரிமளக்கா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கொட்டில் வாங்குப்பலகையில் இருந்த நான் அடுத்த பக்கம் பார்ப்பதுபோல் இருந்தேன்.

அண்ணை ஒட்டைப் போட்டுக் காற்றடித்தபடி, மரியாதையாகவே கேட்டார். "சேர் கடமையிலோ?"

"இல்லை ஐயா, இண்டைக்கு லீவு. குளத்தடியில மீன் வாங்கப் போனேன்."

பம் நின்றது.

அண்ணையின் முகம் அப்படி வாடிப்போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எந்தச் செய்கைக்கும் காரணம் வைத்திருந்தவருக்கு, விராலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அப்ப ஹெல்மெட், சேர்?"

"பக்கத்தில தானே ஐயா."

"நானும் அதைத்தானே சொன்னனான்!" என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வெடித்தது.

அண்ணை எழுந்தார். கறுப்பு ஹெல்மெட் இரவலில் போயிருந்தது. வளையில் மிச்சம் வண்ணத்துப்பூச்சிதான். அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"சேர், கடமையெண்டா நீங்கள் போங்கோ, நான் மறிக்கமாட்டன். கடமை இல்லையெண்டால் இதைப் போடுங்கோ."

கான்ஸ்டபிள் ரோசா நிறத்தைப் பார்த்தார். சந்தியைப் பார்த்தார். சந்தி முழுவதும் அவரைப் பார்த்தது. பிறகு அவருடைய பார்வை கொட்டிலின் முன்தூணில் போய் நின்றது.

"ஐயா, இந்தக் கொட்டில் றோட்டுக் காணிக்குள்ளதானே நிக்குது?"

அந்தக் கொட்டில்தான் அண்ணையின் சோறு. ஒரு வார்த்தை போதும், அடுத்த நாளே தகரத்தைப் பிடுங்கச் சொல்லலாம்.

"ஓம் சேர், நிக்குது," என்றார் அண்ணை. "அதுக்கு விதிவிலக்கு இல்லை. உடைக்கச் சொன்னால் நானே உடைப்பன். ஆனால் ஹெல்மெட்டைப் போட்டிட்டுச் சொல்லுங்கோ."

பிறகு அண்ணை குரலை இறக்கி, கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"இல்லாட்டி ஒரு காரணமாவது சொல்லிப்போட்டுப் போங்கோ சேர். நீங்கள் போன பிறகு இவை என்னைத்தான் கேப்பினம். நான் ஒரு நாளும் பதில் சொல்லாமல் விட்டதில்லை."

கான்ஸ்டபிள் உண்மையாகவே யோசித்தார். பையில் விரால் ஒருதரம் துள்ளியது, அதுவும் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் அழுத்தினார். சின்னது. காதுக்கு மேலேயே நின்றது. வண்ணத்துப்பூச்சியோடு பொலிஸ் தார் றோட்டில் போய் மறையும்வரை சந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறைந்த பிறகு அரைமணித்தியாலம் நிறுத்தவில்லை.

சிரித்து முடிந்ததும் பயம் வந்தது. "கொட்டில் போச்சு," என்றார்கள் எல்லோரும். அண்ணை ஒட்டுப் போடுகிற ஆயுதங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினார். பரிமளக்கா றோட்டைத் தாண்டி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"உடைச்சால் என்ர கடைப்பக்கம் ஒரு பத்தி இறக்கித் தாறன், அதுக்குள்ள இருந்து ஒட்டுங்கோ. ஆனால் இனிமேல் அவைக்கு வாதாடக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"அது மட்டும் ஏலாது," என்றார் அண்ணை.

அன்று எல்லோரும் போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். "ஏனண்ணை, அவை செய்யிற எல்லாத்துக்கும் நீங்கள் ஏன் ஒரு காரணம் தேடுறியள்?"

அவர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். "தம்பி, எத்தனை இடம் இடம்பெயர்ந்து எத்தனை சோதனைச் சாவடியில மறிபட்டு நிண்டு வந்தனாங்கள். இஞ்சதான் திரும்பிவந்து கொட்டில் போட்டிருக்கிறன். காரணம் ஒண்டும் இல்லாமல் தங்கட பாட்டுக்குச் செய்யினம் எண்டு நினைச்சால், நான் இந்த றோட்டோரம் எப்பிடியடா நித்திரை கொள்ளுறது?"

கம்பஸில் அந்தப் பாடம் இல்லை.

அந்தக் கிழமை முழுவதும் எந்த வாகனம் வேகம் குறைத்தாலும் சந்தி திடுக்கிட்டது. ஒரு நாள் காலை ஜீப் வந்தது. கொட்டிலடியில் நின்றது. அண்ணை சாக்கைத் தூக்கிக்கொண்டு தயாராக வெளியே வந்தார். இறங்கியவர் அதே கான்ஸ்டபிள். முழு யூனிபோம், கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் ரோசா நிற ஹெல்மெட், கழுவித் துடைத்தபடி. அறுந்துபோய் எத்தனையோ நாளாய் முடிச்சில் நின்ற அதன் நாடாவுக்குப் புதுக் கொக்கி போட்டிருந்தது.

"ஐயா, அந்த முன்தூணை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கோ," என்றார். "பஸ் திரும்பேக்க தட்டும்."

அவ்வளவுதான். ஜீப் புறப்பட்டது. தூண் அன்று மத்தியானமே இரண்டடி உள்ளே போனது.

ஆனால் ஜீப்பின் சாரதி சீற் பெல்ட் போடவில்லை என்பதைப் பரிமளக்கா கண்டுவிட்டார். "இதுக்கென்ன சொல்லப்போறியள்?"

"கள்ளனைக் கண்டால் பாய வேணுமெல்லோ! பெல்ட்டைக் கழட்டி முடிய அவன் மாங்குளம் தாண்டிப்போடுவான்." அண்ணையின் முகத்தில் பழைய வெளிச்சம் முழுவதும் திரும்பியிருந்தது.

நான் இப்போது வவுனியாவில் வேலை. நல்ல ஹெல்மெட் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிற ஞாயிறுகளில் சந்தைக்குப் புறப்படும்போது அதைப் பைக்குள் போட்டுவிட்டு, வெறுந்தலையோடு கொட்டிலடியில் போய் நிற்பேன். "அண்ணை, ஒரு ஹெல்மெட் தாருங்கோ." இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்கவும் வரவேண்டும். அப்படியென்றால் ஒரு நாளில் இரண்டு தடவை அவரோடு கதைக்கலாம்.

போன முறை பையின் வாய் திறந்திருந்தது. பரிமளக்காவின் கண்ணுக்குத் தப்புமா?

"என்ன தம்பி, உனக்கு ரெண்டு தலையோ?"

நான் முழித்தேன். அண்ணை பையை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு வழமையான குரலில் சொன்னார்.

"அவன் கடமையில நிக்கிறான்."

"என்ன கடமை?"

அண்ணை ரோசா ஹெல்மெட்டை வளையிலிருந்து கழற்றி, சாரத்தின் நுனியால் வண்ணத்துப்பூச்சியைத் துடைத்து என்னிடம் தந்தார். நெற்றியை இறுக்கத்தான் செய்தது. சந்தையில் இறங்கி, மரக்கறி வாங்கி, இரண்டு பேர் நின்று சிரித்த பிறகுதான் அதை இன்னும் கழற்றவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.